செவ்வந்தி எழுதாத வரி

நான் போத்தனூரில் சரக்கு ஏஜென்ட். பெயர் சிக்கந்தர். கோயமுத்தூரில் செய்கிற பம்பு, மோட்டார், கிரைண்டர் எதுவானாலும் கன்டெய்னரில் ஏறித் தூத்துக்குடிக்குப் போவதற்கு முன் என் மேசைக்குக் காகிதமாக வந்துபோகும். இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்த காகிதங்களில் பாதி பொய், கால்வாசி கவனக்குறைவு. மிச்சக் கால்வாசி செவ்வந்தி அனுப்பியவை.

செவ்வந்தி, துடியலூரில் தனபால் நடத்தும் பம்புக் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பவர். வயது நாற்பத்திரண்டு. அவருடைய அம்மா வள்ளியாத்தாள் தனபாலின் அப்பாவுடைய சோளக்காட்டில் களையெடுத்தவர். வங்கியானாலும் ரேஷன் கடையானாலும் அம்மாவுக்குக் கட்டைவிரல் ரேகைதான். மகள் தபால் வழியில் பி.காம் முடித்து, அதே தனபாலின் கம்பெனியில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து, ஆறே வருடத்தில் கம்பெனி சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தையும் வாங்கினார். சொந்தத் தம்பிக்கே தனபால் கொடுக்காத அதிகாரம் அது. காட்டில் வேலை செய்தவர் மகளின் கையெழுத்தில் கம்பெனிச் சரக்குப் போவது தனபாலின் சொந்தக்காரர்கள் சிலருக்குக் கண்ணை உறுத்தியது. தனபால் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கையெழுத்தோடு போன பெட்டி ஒருநாளும் திரும்பி வந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கையெழுத்து என்றால் கிறுக்கல் இல்லை. தமிழில், முழுப் பெயர், ஓர் எழுத்து கூடக் குறையாமல். ஆங்கிலத்தில் போடச் சொல்லி ஒரு அதிகாரி கேட்டபோது, பேங்க்கில் கொடுத்திருப்பதும் இதுதான், எங்கம்மா பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டதும் இதுதான் என்று சொல்லி மறுத்துவிட்டார். அதிகாரிதான் இறங்கி வந்தார்.

அந்தக் கம்பெனியில் செவ்வந்திக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. பேக்கிங் பிரிவைப் பார்க்கும் காளிச்சாமி. எதிரி என்றால் தினமும் ஒன்றாக டீ குடிக்கிற எதிரி. காளிச்சாமி, பெட்டியில் கொசுறு போடாமல் ஆணி அடிக்க மாட்டார். பம்பு ஒன்று என்றால் அதனுடன் ஒரு ஷாஃப்டோ, நாலு புஷ்ஷோ சேர்த்து வைப்பார். ஷாஃப்ட் என்பது பம்புக்குள் சுற்றுகிற எவர்சில்வர் தண்டு. மணல் கலந்த தண்ணீரில் முதலில் தேய்வது அதுவும் அதைத் தாங்கும் புஷ்ஷும்தான். அன்னூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே பம்பு இறக்கியிருப்பவன், பயிர் வாடும்போது ஒரு தண்டுக்காகக் கோயமுத்தூர் வரை ஓடிவரக் கூடாது என்பது காளிச்சாமியின் எண்ணம். விவசாயிகளுக்கும் இது பழகிவிட்டது. தக்காளிக்காரரிடம் கொத்தமல்லி எதிர்பார்ப்பதுபோல, பம்பு வாங்கினால் ஷாஃப்டை எதிர்பார்த்தார்கள். தனபாலும் அதைத் தடுத்ததில்லை.

உள்ளூருக்குச் சரி. வெளிநாட்டுக்கு? பட்டியலில் இல்லாத பொருள் பெட்டியில் இருந்தால் சுங்கத்தில் மானம் போகும். அதனால் ஏற்றுமதிப் பெட்டிக்கு ஆணி அடிப்பதற்கு முன் செவ்வந்தி பேக்கிங்குக்குப் போவார், நறுக்கிய அட்டைத் துண்டுகளுக்குள் கையை விட்டுத் துழாவுவார், காளிச்சாமி ஒளித்து வைத்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். காளிச்சாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். பத்து வருடமாக இதுதான் நடைமுறை. நானே இரண்டு முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஏமன் ஆர்டர் வந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. பன்னிரண்டு போர்வெல் பம்புகள். வாங்கியது ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பு. அதன் கொள்முதல் அதிகாரி ஹாரிகா விசாகப்பட்டினத்துப் பெண். சரவணம்பட்டியில் நாலு வருடம் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே வரும். செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகத்தில் அவருக்கு வேலை. ஏமனுக்குப் போகும் சரக்கெல்லாம் முதலில் அங்கே இறங்கிச் சோதனையாகி, பிறகுதான் எதிர்க்கரைக்குப் போகும். ஏமனில் சண்டை, அதனால் கடலில் முற்றுகை.

முற்றுகை என்றால் கோட்டையைச் சுற்றி யானையும் குதிரையும் நிற்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இப்போது அப்படியில்லை. கடலில் நாலு போர்க்கப்பல், கரையில் ஓர் அலுவலகம், அலுவலகத்தில் ஒரு பட்டியல். பட்டியலில் இருப்பது போகும், இல்லாதது நிற்கும். பம்பு போகலாம். பம்பின் உதிரி பாகத்துக்குத் தனி அனுமதி. உருக்குத் தண்டு பம்புக்கும் ஆகும், ராக்கெட்டுக்கும் ஆகும் என்பது அவர்கள் கட்சி. அதை மறுக்கவும் முடியாது. எங்கள் ஊர் லேத்தில் வரைபடத்தைக் கொடுத்தால் எதையும் கடைந்து தருவார்கள். ஆனால் அந்தத் தனி அனுமதிக்கு எட்டு மாதம் ஆகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே.

நான் போனில் அந்த அலுவலகத்தைத் திட்டியபோது ஹாரிகா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சோதனை இல்லையென்றால் போர்க்கப்பல்கள் ஒரு மூட்டை மாவைக்கூட உள்ளே விடாது, கதவு சிறியதுதான், ஆனால் இருப்பது அந்த ஒரு கதவுதான் என்றார். அது உண்மைதான் என்று பிறகு எனக்கே தோன்றியது. கோபம் மட்டும் குறையவில்லை.

பம்பு போக வேண்டியது மலையோரத்தில் ஒரு சிறிய ஊர். அதைப் பற்றி ஹாரிகா செவ்வந்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருந்தார். ஊரில் கிணறு இருக்கிறது, பம்பெல்லாம் செத்துக் கிடக்கிறது. ஷாஃப்ட் தேய்ந்து நின்றவைதான் பாதிக்கு மேல். மாற்றுவதற்குப் பாகம் உள்ளே வர முடியாது. தண்ணீர் லாரியில் வருகிறது. லாரி யாருடையது என்றால், அந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருக்கும் துப்பாக்கிக்காரர்களுடையது. பையனைச் சண்டைக்கு அனுப்பிய வீட்டுக்கு லாரி முதலில் வரும், காசும் கிடையாது. அனுப்பாத வீடு குடத்தோடு நிற்க வேண்டும். வெளியே இருப்பவர்கள் சண்டையை நிறுத்தத்தான் கடலை அடைத்தார்கள். உள்ளே அந்த அடைப்பே சண்டைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது சும்மா இல்லை.

செவ்வந்திக்கு இது மனதில் தைத்துவிட்டது. குடத்தோடு நிற்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் தெருவுக்குக் குழாய் வந்ததே அவர் பத்தாவது படிக்கும்போதுதான். அதுவரை யார் வீட்டுக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் வைத்த விதி. அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். நானும் கேட்டதில்லை.

பெட்டிகள் தயாரான அன்று வழக்கம்போல பேக்கிங்குக்குப் போனார். முதல் பெட்டியில் கையை விட்டார். ஷாஃப்ட் இருந்தது. கையை வெறுமனே வெளியே எடுத்து, அடுத்த பெட்டிக்குப் போனார். அதிலும் அப்படியே. பன்னிரண்டு பெட்டியிலும் பன்னிரண்டு ஷாஃப்ட். ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

காளிச்சாமிக்கே பயம் வந்துவிட்டதாம். என்னிடம் பின்னால் சொன்னார். "ஏன் கண்ணு, எடுக்கலையான்னு கேட்டேனுங்க பாய். ஆணியடிங்கண்ணான்னு சொல்லிப்போட்டுப் போயிருச்சு."

இவ்வளவு செய்தவர் இன்னொன்றும் செய்திருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. ஆணி அடித்த பெட்டியை எடை போட்டு எழுதுவது அவர் வேலை. ஷாஃப்டோடு சேர்த்து எடை போட்டார், முள் காட்டியதை அப்படியே எழுதினார். ஒரு பெட்டிக்கு மூன்று கிலோ கூடுதல். வேறு எவனாவது இருந்தால் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் எடையைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருப்பான். செவ்வந்தி ஒரு வரியை எழுதாமல் விட்டார், ஆனால் எடையில் பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. திருடத் தெரியாதவர் திருடினால் இப்படித்தான் ஆகும்.

சோதனை அலுவலகத்தில் இருந்தவர்கள் அந்த மூன்று கிலோவைத்தான் பிடித்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். அட்டைத் துண்டுகளுக்கு நடுவே மறைத்து வைத்த உலோகத் தண்டுகள், பன்னிரண்டு, பட்டியலில் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வேன். கன்டெய்னர் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டது.

பத்து நாளில் கடிதம் வந்தது. இந்தத் தண்டுகள் எதற்கு, யார் வைத்தது, யாருக்குத் தெரிந்து வைத்தது, பொறுப்பானவர் பெயர், கடவுச்சீட்டு எண். பதில் திருப்தியாக இருந்தால் பம்புகள் மட்டும் போகும். இல்லையென்றால் சரக்கு திரும்பும், கம்பெனியின் பெயர் தடைப்பட்டியலுக்குப் போகும். அதன்பின் எந்த வெளிநாட்டு வங்கியும் தனபாலின் காகிதத்தைத் தொடாது. கம்பெனியில் அறுபத்து மூன்று பேர் வேலை செய்கிறார்கள்.

தனபால் என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் நாலு பேர் உட்கார்ந்தோம். அவர், நான், செவ்வந்தி, காளிச்சாமி. உட்கார்ந்தோம் என்பது தப்பு, காளிச்சாமி நின்றுகொண்டே இருந்தார். தனபால் கோபக்காரர் இல்லை.

"அம்மணி, நீங்க எழுதறதுதான் எழுத்து. பேக்கிங்குல வெவரமில்லாம வெச்சுட்டாங்க, ஆபீசுக்குத் தெரியாதுன்னு எழுதிப்போடுங்க. அது பொய்யுமில்லீங்களே. காளிச்சாமி எல்லாப் பொட்டிலயும் வெக்கறவருதானே" என்றார்.

நானும் தலையாட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது, அதுதான் எனக்கும் சுலபமான வழியாகத் தெரிந்தது. சொல்லப்போனால் அது முக்கால் உண்மை. மிச்சக் கால் செவ்வந்தியின் மனதுக்குள் இருந்தது, காளிச்சாமியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

காளிச்சாமியும் ஒத்துக்கொண்டார். தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். தனக்கு என்ன, கப்பலா ஓடுகிறது என்றார். செவ்வந்திதான் அவரைப் பார்த்து, ஷார்ஜாவில் இருக்கும் மகன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டார். வெல்டர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கும் இல்லையா என்று கேட்டார். இருக்கும். அந்த மாதிரிப் பட்டியலில் அப்பா பெயர் ஏறினால் மகன் விசா புதுப்பிக்கப் போகும் இடத்தில் கம்ப்யூட்டர் என்ன காட்டும் என்று என்னைக் கேட்டார். விசா நின்றுபோகும் என்றேன். தனபால் ஜன்னலைப் பார்த்தார்.

செவ்வந்தி சொன்னார்: "காளியண்ணன் வெச்சது எனக்குத் தெரியுமுங்க சார். கையில தட்டுப்பட்டுது. எடுக்கக்கூடாதுன்னு விட்டது நான்தான். எம் பேரை எழுதிக்கறனுங்க."

தனபால் திரும்பி அவரைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. முதலில் கோபம். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற வருத்தம் அப்புறம். கடைசியில், இந்தப் பெண் கையெழுத்து இல்லாமல் நாளை கம்பெனி எப்படி நடக்கும் என்ற கவலை. மூன்றும் அடுத்தடுத்து வந்தன. எழுதுங்க என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கடிதத்தை நான்தான் அனுப்பினேன், அதனால் படித்தேன். இரண்டு பக்கம். எங்கள் ஊரில் பம்பு வாங்கினால் ஓர் உதிரி பாகம் இலவசமாகச் சேர்த்து வைப்பது வழக்கம் என்று தொடங்கியிருந்தார். ஏற்றுமதிப் பெட்டிகளிலிருந்து அதை நீக்குவது தன் பொறுப்பு, இம்முறை தெரிந்தே நீக்கவில்லை என்று எழுதியிருந்தார். காரணம், உதிரி இல்லாத பம்பு ஒரு வருடத்தில் நிற்கும், நின்றால் அந்த ஊர் மறுபடி லாரிக்காரர்களிடம் போகும். அனுமதி கேட்டால் எட்டு மாதம் ஆகும் என்பதால் கேட்கவில்லை, கேட்காதது தவறு. கீழே தமிழில் முழுப் பெயர்.

இப்படி ஒரு கடிதம் அந்த அலுவலகத்துக்கு அதுவரை வந்திருக்காது என்று ஹாரிகா சொன்னார். எல்லோரும் தெரியாது, தவறுதலாக, கவனக்குறைவால் என்றுதான் எழுதுவார்களாம். தெரிந்தே செய்தேன் என்று எழுதியதால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலிடத்துக்கு அனுப்பினார்கள். மேலிடம் அதற்கும் மேலிடத்துக்கு. ஷாஃப்டுகளைப் பறிமுதல் செய்துகொண்டு பம்புகளை விடுவித்தபோது, கப்பல் போய்ச் சேர்ந்து எழுபது நாள் ஆகியிருந்தது. கம்பெனி தப்பித்தது. காளிச்சாமி தப்பித்தார். செவ்வந்தியின் பெயர் தடைப்பட்டியலில் ஏறியது. இனி எந்த ஏற்றுமதிக் காகிதத்திலும் அவர் கையெழுத்துச் செல்லாது.

வேலை போகவில்லை. தனபால் விடமாட்டார். காகிதமெல்லாம் அவரே தயார் செய்தார், தனபாலோ நானோ கையெழுத்துப் போட்டோம். முதல் நாள் அவர் கொண்டுவந்த சரக்குப் பட்டியலில் நான் பேனாவை வைத்தபோது, அடுத்தவர் சாப்பாட்டில் கை வைப்பதுபோல இருந்தது. சொன்னேன். சும்மா போடுங்க பாய் என்று சிரித்துவிட்டார்.

அப்புறம் ஒரு வருடம் ஓடியது. போன தை மாதம் ஹாரிகாவிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சோதனை அலுவலகம் விதியை மாற்றியிருக்கிறது. குடிநீர்ப் பம்பு ஒவ்வொன்றுடனும் ஒரு ஷாஃப்டும் ஒரு செட் புஷ்ஷும் தனி அனுமதி இல்லாமல் போகலாம். விண்ணப்பத்திலேயே அதற்குப் புதிதாக ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். யாருடைய கடிதத்தால் என்று அதில் போடவில்லை. ஆனால் மேலிடங்கள் எல்லாம் ஏறி இறங்கிய அந்த இரண்டு பக்கம்தான் காரணம் என்று ஹாரிகா போனில் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தை ஆட்டிவைக்கிறவர்களின் விதியில் துடியலூர்க்காரி ஒருத்தி ஒரு வரியைச் சேர்த்துவிட்டாள் என்று என் அறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்தேன். தனபால் கம்பெனிக்கே இனிப்பு கொடுத்தார். காளிச்சாமி அழுதுவிட்டார். அதே வாரம் புது விதியின்படி முதல் ஆர்டரும் வந்தது. எட்டு பம்பு, எட்டு ஷாஃப்ட். செவ்வந்தி பட்டியலைத் தட்டச்சு செய்து, கையெழுத்துக்காக என் அறைக்கே எடுத்துவந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. இனிப்பும் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஏனுங்க அம்மணி, நீங்க செஞ்ச காரியத்துக்கு வேற ஒருத்தராயிருந்தா ஊர்வலமே போயிருப்பாங்க, உங்களுக்கு என்ன கொறை என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பம்பு போய்ச்சேரத் தாமசமான அந்த எழுபது நாள்ல, அந்த ஊருல எத்தனை வீட்டுல லாரித் தண்ணிக்காகப் பையனைச் சண்டைக்கு அனுப்பினாங்கன்னு ஹாரிகாகிட்டக் கேட்டனுங்க பாய். அது சொல்லமாட்டேன்னுச்சு. ஆறு மாசம் விடாமக் கேட்டேன். பத்தொம்பது வீடுங்க."

நான் பேச வாயெடுத்தேன். பெட்டியைத் திறந்தது நீங்களா, கடலை அடைத்தது நீங்களா, உங்கள் ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் வேறு எதற்காவது நிறுத்தியிருப்பார்கள் என்றெல்லாம் சொல்ல நினைத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் ஹாரிகாவுஞ் சொல்லுச்சு. நெசமாவே இருக்கட்டும். கடைசிப் பையன் போனது, மொத பம்புல தண்ணி வர்றதுக்கு நாலு நாளைக்கு முந்திங்க. பதினாறு வயசு. இன்னும் ஊட்டுக்கு வரலையாம்."

பிறகு பட்டியலை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.